சர்வரை மூடிவிடலாமா?

கேள்வி: எலான் மஸ்க் வாங்கிய பிறகு, 2022 நவம்பரில் ட்விட்டரை விட்டுப் பலரும் கிளம்பியபோது, ஆர்வத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து எங்கள் பகுதி ஆட்களுக்காக மாஸ்டடான் ஆரம்பித்தேன். ட்விட்டர் மாதிரிதான், ஆனால் யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நடத்தலாம், சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று இப்போது 180 பேர் இருக்கிறார்கள். பஸ் நேரம், மின்தடை, ரத்தம் தேவை, வேலூர்க் கோட்டையில் எடுத்த போட்டோ, இவைதான் பேச்சு. இரண்டு மாதமாக நிம்மதி போய்விட்டது. ரத்தம் கொடுக்க முன்வந்த ஒரு பெண்ணின் மொபைல் எண் எங்கள் சர்வரிலிருந்து எங்கெங்கோ பரவி, ராத்திரியில் தெரியாதவர்கள் அவரைக் கூப்பிடுகிறார்கள். பதிவை அழித்துவிட்டேன், ஆனால் வேறு சர்வர்களில் இன்னும் தெரிகிறது. வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வடநாட்டுக்காரர்களைக் கேவலமாகத் திட்டி ஒருவர் எழுதினார். அதையும் எடுத்தேன். "மஸ்க்கிடமிருந்து தப்பி உன்னிடம் மாட்டிக்கொண்டோமா?" என்று கேட்கிறார். அவர் எழுதியதற்காக ஒரு பெரிய வெளிநாட்டு சர்வர் எங்களை மொத்தமாக பிளாக் செய்துவிட்டது. மற்றவர்களோ பதில்கள் தெரிவதில்லை, தேடினால் எதுவும் கிடைப்பதில்லை என்கிறார்கள். என் அத்தையைச் சேர்க்கப் பார்த்தேன், "எந்த சர்வர்?" என்று திரை கேட்டதுமே போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடையை மூடிவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் இதைப் பார்க்க முடிகிறது. போலீஸ் கேஸ் என்று வந்தால் நான் மாட்டுவேனா? பேசாமல் மூடிவிடலாமா?

வாசகர், குடியாத்தம்

பதில்:

மூடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் பெண். இதைப் படித்த உடனே அவரிடம் பேசுங்கள். "அழித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், அது முழு உண்மை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எந்தெந்த சர்வர்களில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது என்று நீங்களே தேடி ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு மாஸ்டடான் சர்வருக்கும் 'பற்றி' என்றொரு பக்கம் உண்டு. அதில் அட்மினின் மெயில் முகவரி இருக்கும். பதிவின் முகவரியை ஒட்டி, இரண்டே வரி எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்: ஒரு பெண்ணின் தனிப்பட்ட எண், தொந்தரவு நடக்கிறது, நீக்கிவிடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான அட்மின்கள் இதை ஒரு நாளுக்குள் செய்துவிடுவார்கள். அவர்களும் உங்களைப் போல ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் ஆட்கள்தான். வந்த அழைப்புகளின் எண்ணையும் நேரத்தையும் அவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அழைப்புகள் ஆபாசமாகவோ மிரட்டலாகவோ இருந்தால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், கூடப் போய் உதவுங்கள். அவர் உங்களை நம்பி எண் கொடுத்தவர்.

அழித்த பதிவு எப்படி இன்னும் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. முகூர்த்தம் மாறிவிட்டது என்று ஆள் விட்டுச் சொல்லலாமே தவிர, வீடு வீடாகப் புகுந்து பத்திரிகையைப் பிடுங்க முடியாது. மாஸ்டடானும் அப்படித்தான். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. உங்கள் ஆள் ஒரு பதிவு போட்டால், அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு நகல் போகிறது. அழித்தால் "இதை அழித்துவிடு" என்ற கோரிக்கை போகிறது. ஒழுங்கான சர்வர் அதை மதிக்கும். அந்த நேரத்தில் செத்துக்கிடந்த சர்வருக்குச் சில நாள் முயன்றுவிட்டு உங்கள் சர்வர் கைவிட்டுவிடும். வேறு மென்பொருளில் ஓடும் சர்வர் கண்டுகொள்ளாமலும் போகலாம். யாரையும் கட்டாயப்படுத்த வழியில்லை.

ஆகவே யாருடைய சொந்த எண்ணையும் அங்கே போடவே கூடாது. ரத்தம் கேட்கும் பதிவில் ரத்த வகை, எப்போதைக்குள் வேண்டும், எந்தப் பகுதி, உங்கள் குழுவின் பொது எண் ஒன்று, அவ்வளவு போதும். நோயாளியின் பெயரும் வார்டும் எதற்கு? கொடுப்பவர் அந்தப் பொது எண்ணுக்குப் பேசட்டும். அந்த எண்ணை வைத்திருக்கும் ஆள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கட்டும். குழுக் கணக்கின் அமைப்பில் தானாகப் பதிவழிக்கும் வசதி இருக்கிறது, அதை ஒரு வாரத்துக்கு வையுங்கள். சிலர் "தனி மெசேஜில் அனுப்பு" என்பார்கள். மாஸ்டடானில் அதை நம்பாதீர்கள். தனி மெசேஜ் என்பது அங்கே வாசகர் குறைவான ஒரு பதிவு, அவ்வளவுதான். முழுமையான மறையாக்கம் கிடையாது, இரண்டு பக்க அட்மின்களும் நினைத்தால் படிக்கலாம். அதைவிட மோசம், மெசேஜுக்குள் மூன்றாவது ஆளின் பெயரை @ போட்டு எழுதினால் அவருக்கும் அது போய்விடும். ஒருவரைப் பற்றிப் புறம் பேசி அவரிடமே டெலிவரி ஆன கதைகள் நிறைய உண்டு.

சரி, அந்த வடநாட்டுப் பதிவு.

நீங்கள் எடுத்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காந்தி ரோட்டில் ஐந்து நிமிடம் நடந்தால் தெரியும், வேலூர் லாட்ஜும் மெஸ்ஸும் மருந்துக்கடையும் யாரை வைத்துப் பிழைக்கின்றன என்று. கடைப்பலகைகூட வங்காளியில் எழுதியிருக்கிறது. புற்றுநோய்க்கும் இதய அறுவைக்கும் நிலத்தை விற்றுவிட்டு வந்து இரண்டு மாதம் ஒரே அறையில் கிடப்பவர்களைப் பார்த்து "வடக்கனுங்க ஊரை நாறடிக்கிறானுங்க" என்று எழுதுவது கருத்து ஆகாது. இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதையும் 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. காவல்துறைத் தலைவரே வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. அது எதிர்ப்பக்கம் கிளம்பிய பொய்தான். ஆனால் இங்கே தினம் வந்துவிழும் வசவுகள்தான் அங்கே அந்தப் பொய்யை நம்ப வைக்கின்றன.

ஆனால் நீங்கள் எடுத்த விதம் சரியில்லை. எந்த விதியின்படி எடுத்தீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய விதிப் பட்டியலைப் பார்த்தேன். ஒரு ஜெர்மன் சர்வரிலிருந்து அப்படியே எடுத்து மொழிபெயர்த்திருக்கிறீர்கள். நாஜி சின்னங்களுக்குத் தடை என்று இரண்டாவது விதி. ஜெர்மனியில் அது குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது, அவர்களுக்கு அது தேவை. நம் ஊரில் புதுக்கணக்குப் பூஜைக்கு மஞ்சள் குங்குமத்தில் ஸ்வஸ்திகா போட்ட போட்டோவை யாராவது போட்டால் உங்கள் சொந்த விதிப்படி அதை எடுக்க வேண்டியிருக்கும்! அதே பட்டியலில் சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. 1805-ல் மெட்ராஸிலிருந்து சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர்களும் ஒழுங்கு கருதித்தான் போட்டார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர் கோட்டையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் 180 பேர் துப்பாக்கி எடுக்க மாட்டார்கள்தான். கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஏழெட்டு விதி போதும், நம் ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். "வெறுப்புப் பேச்சு கூடாது" என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள். "சாதி, மதம், மொழி, ஊர் சொல்லி ஆளை இழிவாகப் பேசினால் எடுப்போம். பெயர் சொல்லாமல் ஜாடையாகப் பேசினாலும் எடுப்போம்" என்று எழுதினால் புரியும். அந்த ஜாடை முக்கியம். நம் ஆட்கள் சாதிச் சண்டையைச் சாதிப் பெயர் எழுதாமலே போடுவார்கள். "ஆண்ட பரம்பரை" என்ற இரண்டு சொல்லில் என்ன மிரட்டல் இருக்கிறது, படித்து வேலைக்குப் போன பெண்ணின் பதிவுக்குக் கீழே "கோட்டா" என்று ஒரே சொல் போட்டால் அது எங்கே குத்தும் என்பது ஐரோப்பாவில் உட்கார்ந்து பதிவுகளைக் கண்காணிக்கும் மாடரேட்டருக்குத் தெரியாது. கம்பெனித் தளங்களில் தமிழ் தெரிந்த ஆள் பார்க்கிறாரா, இயந்திரம் பார்க்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. உங்கள் சின்ன சர்வருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்றால் அது இங்கேதான்: ஜாடை புரிந்த ஆள் பார்க்கிறார். அதற்காகத்தான் மூட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ஆனால் அந்த ஒரு ஆள் நீங்கள் மட்டுமாக இருக்கக் கூடாது.

சொற்களை வடிகட்டி வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தவன் சொல்கிறேன். மாஸ்டடானில் சொல் வடிகட்டி ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகத்தான் உண்டு. சர்வர் முழுக்க ஒரு சொல்லைத் தடுக்கும் பொத்தான் அட்மினுக்குக் கிடையாது. தனக்காக வைப்பதிலும் தமிழ் தகராறு செய்யும். "முழுச் சொல்" என்று டிக் செய்து வடக்கன் என்று போட்டால், வடக்கனுக்கு, வடக்கனுங்க, வடக்கனை எல்லாம் தப்பித்துவிடும். ஆங்கிலச் சொல் தனியாக நிற்கும், நம் சொல் உருபோடு ஒட்டிக்கொண்டு வரும். டிக்கை எடுத்துவிட்டுக் கடைசிப் புள்ளியையும் எடுத்து "வடக்கன" என்று போட்டால் எல்லாம் மாட்டும். கூடவே கள்ளக்குறிச்சிப் பக்கத்து வடக்கனந்தலும் மாட்டும். அந்த ஊர்க்காரர் பஸ் நேரம் கேட்டால்கூட உங்களுக்குத் தெரியாது. அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள். ஒரே வசவை ஐந்து விதமாக ஸ்பெல்லிங் மாற்றி எழுதுவார்கள். மனிதன் பார்க்காமல் ஆகாது.

அப்படிப் பார்க்கக் குறைந்தது மூன்று மாடரேட்டர்கள் வேண்டும். மூவரும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சியாக இருந்தால் மூன்று பேர் வைத்தும் பிரயோஜனமில்லை. ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். ரிப்போர்ட் செய்ய வேண்டிய விஷயங்களில் பாதி ஆண் அட்மினிடம் சொல்ல முடியாதவை. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து ஆட்கள் உங்களிடம் இருந்தால் உருது தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது. வாரத்துக்கு ஒருவர் முறை. முறை இல்லாத வாரத்தில் திறந்தே பார்க்கக் கூடாது என்பதையும் விதியாக வையுங்கள், இல்லாவிட்டால் மூவரும் சேர்ந்து சோர்ந்துபோவீர்கள்.

உங்களிடம் சண்டை போடுகிறவருக்கு எச்சரிக்கை அனுப்பும் இடத்திலேயே உங்கள் சொந்த வாசகத்தைச் சேர்க்கலாம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "உங்கள் மற்ற பதிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த ஒன்றை எடுத்ததற்குக் காரணம் விதி 3. நாங்கள் செய்தது தவறு என்று நினைத்தால் 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதைப் பார்க்கப்போவது நான் இல்லை, வேறொரு மாடரேட்டர்." மேல்முறையீட்டு வசதி மாஸ்டடானிலேயே இருக்கிறது, அந்த 20 நாள் கணக்கும் அதனுடையதுதான். எடுத்தவரே மறுபடி விசாரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். மஸ்க் என்று சொன்னதற்கும் பதில் இருக்கிறது. அவர் இங்கிருந்து வேறு சர்வருக்குக் குடிபெயரலாம், பின்தொடர்பவர்களும் தானாகவே அவரோடு போவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. அவருக்கு விருப்பமிருந்தால் தானே ஒரு சர்வர் போட்டுக்கொள்ளலாம். ட்விட்டரில் ஒருவருக்கும் இல்லாத வசதி அது. அதைச் சொல்லும்போது குரலில் கிண்டல் வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு பழைய பேச்சு உண்டே, வேலூரில் அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், தண்ணீரில்லா ஆறு என்று. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடிக் காட்டியது. ஒரே முதலாளி இல்லாமல் பல சர்வர்களாகப் பரவலாக்கிய வலைப்பின்னல் என்றால் அரசனில்லாக் கோட்டை என்று நினைத்து வருகிறவர்கள்தான் இன்னும் மாறவில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாசல்காரர் உண்டு. இங்கே அது நீங்கள்.

வாசல் என்றதும் என் கதை ஒன்று. 2024 பிப்ரவரியில் ஆரணியில் ஒரு கல்யாணம். மூன்று நாள் லேப்டாப்பைத் தொடவில்லை. என் சின்ன சர்வரில் யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம் என்று விட்டிருந்தேன். சரியாக அந்த வாரம்தான் உலகம் முழுக்க ஸ்பேம் அலை. ஆளில்லாத சின்ன சர்வர்களாகப் பார்த்துத் தானியங்கியாகக் கணக்குகளை உருவாக்கி, அங்கிருந்து எல்லா ஊருக்கும் குப்பை அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் நானே குப்பை அனுப்பும் ஆளாக இருக்கிறேன், நாலைந்து சர்வர்கள் என்னை பிளாக் செய்தாகிவிட்டது. அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அதன் பிறகு வந்த பதிப்பில் மாஸ்டடான்காரர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள்: ஒரு வாரம் எந்த மாடரேட்டரும் உள்ளே வரவில்லை என்றால் யாரும் கணக்குத் திறக்கலாம் என்ற நிலை தானாகவே அனுமதி முறைக்கு, அதாவது அட்மின் சம்மதித்தால்தான் கணக்கு என்று, மாறிவிடும். நீங்கள் அதற்குக் காத்திருக்காமல் இப்போதே அனுமதி முறைக்கு மாற்றுங்கள். "எந்த ஊர், யார் சொல்லி வருகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும்.

உங்களை பிளாக் செய்த சர்வருக்கு வருவோம். அவர்கள் செய்தது மட்டுப்படுத்தலா, முழுத் தடையா என்று முதலில் பாருங்கள். மட்டுப்படுத்தினால் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு உங்கள் பதிவுகள் தெரியும், பொது வரிசையில் மட்டும் தெரியாது. முழுத் தடை என்றால் இரு பக்கத்துப் பின்தொடர்தலும் அறுந்துபோயிருக்கும். தடையை நீக்கினாலும் அவை தானாக ஒட்டாது, ஒவ்வொருவரும் மறுபடி பின்தொடர வேண்டும். அந்த அட்மினுக்கு எழுதுங்கள். இன்ன பதிவு, இன்ன தேதியில் எடுத்தோம், எழுதியவருக்கு எச்சரிக்கை கொடுத்தோம், இப்போது மூன்று மாடரேட்டர்கள் இருக்கிறோம், விதிகள் இதோ. வாதாட வேண்டாம். ஒருவர் செய்ததற்கு 180 பேரைத் தண்டிப்பது நியாயமா என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் அட்மினுக்கு மொழி புரியாத ஒரு சர்வர், அதிலிருந்து வந்த ஒரு ரிப்போர்ட், பதில் சொல்லாத ஒரு அட்மின். இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ரிப்போர்ட் வந்தபோது நீங்கள் கடையில் இருந்திருப்பீர்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், அவர்கள் இல்லாமலும் ஆற்காடு பஸ் ஓடும்.

போலீஸ், கேஸ். நான் சர்வர் பராமரிக்கிறவன், வக்கீல் இல்லை. ஒரு முறை வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்த அளவில், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 79, பிறர் எழுதியதற்கு இடம் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அது சும்மா கிடைக்காது. 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி உங்கள் விதிகளை வெளியிட்டிருக்க வேண்டும், குறைதீர் அலுவலர் என்று ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாருக்குக் கெடு உண்டு, நீதிமன்றமோ அரசோ முறைப்படி உத்தரவிட்டால் நீக்க வேண்டும். கெடுக்கள் திருத்தத்துக்குத் திருத்தம் குறுகிக்கொண்டு வருகின்றன, நடப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்களுக்கான பெரிய கட்டுப்பாடுகள் உங்களைத் தொடாது.

பலர் தவறவிடும் ஒன்று: நீக்கிய பதிவின் விவரங்களை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்கச் சொல்கின்றன அந்த 2021 விதிகள். மாஸ்டடானோ, முடக்கிய கணக்கின் தரவை 30 நாளில் நிரந்தரமாக அழித்துவிடும். அதனால் முடக்குவதற்கு முன் அந்தப் பதிவையும் கணக்கு விவரத்தையும் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள், மூவர் தவிர யாருக்கும் போகக் கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படம் கண்ணில் பட்டால் காப்பி எடுக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், "பாருங்கள், இப்படி வந்திருக்கிறது" என்று மற்ற மாடரேட்டருக்கும் அனுப்பாதீர்கள். முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுத்துவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள். வைத்திருப்பதே குற்றம் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. மேல்முறையீட்டுக்குக் காரணமான தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்ததுதான். நமக்கெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெரிய 25 சர்வர்களில் இரண்டு நாள் பார்த்தபோது, சுமார் 3,25,000 பதிவுகளில் ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட அத்தகைய படங்கள் 112 இடத்தில் பொருந்தின. உங்கள் ஆட்கள் பார்க்காவிட்டாலும், வெளி சர்வர்களின் படங்களை உங்கள் சர்வர் தன் வட்டில் தானாகச் சேமித்து வைக்கிறது. அந்தச் சேமிப்பைச் சில நாளுக்கு ஒரு முறை தானாகக் காலியாகும்படி வையுங்கள். அட்மின் வட்டத்தில் பெயர் கெட்ட சர்வர்களின் பட்டியல்கள் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு முழுதாக ஏற்றாமல் படித்துப் பார்த்துத் தடை செய்யுங்கள். சேமிப்பு குறைந்தால் வட்டு வாடகையும் குறையும்.

இனி உங்கள் ஆட்களின் குறைகள். பதில்கள் தெரியவில்லை என்பது உங்கள் தவறில்லை. உங்கள் ஆட்கள் யாரையாவது பின்தொடர்ந்தால், அல்லது அவர்களைக் குறிப்பிட்டு யாராவது எழுதினால்தான் பதிவு உங்கள் சர்வருக்கு வருகிறது. ஒரு பிரபலத்தின் பதிவுக்கு நாற்பது பேர் பதில் போட்டிருக்க, உங்களிடம் ஆறுதான் காட்டும். அதனால் ஏற்கெனவே பத்துப் பேர் சொன்ன அதே திருத்தத்தைப் பதினோராவதாக நம் ஆள் போய்ச் சொல்வார். அவர் வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று அங்கே ரிப்போர்ட் ஆகும். பாருங்கள், பயன்பாட்டுக் குறை எப்படிச் சண்டையாக மாறுகிறது என்று. புதிய பதிப்புகளில் விடுபட்ட பதில்களைத் தேடி எடுத்துவரும் வசதி வந்திருக்கிறது, மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதுவரை, பதிவின் மூல சர்வரில் போய் முழு உரையாடலையும் பார்த்துவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

தேடலும் அப்படித்தான். ஆரம்பத்தில் முன்பின் தெரியாதவர்களின் பதிவுகளை ஹேஷ்டேக் வைத்து மட்டும்தான் தேட முடியும்படி வைத்திருந்தார்கள், வேண்டாதவர்கள் சொல் வைத்துத் தேடி வந்து தொல்லை செய்யக்கூடாது என்பதற்காக. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து, எழுதியவர் ஒப்புக்கொண்டால் அவருடைய பொதுப் பதிவுகள் தேடலில் வரும். அதற்கு உங்கள் சர்வரில் தனியாகத் தேடுபொறி நிறுவ வேண்டும், அது நினைவகத்தைக் குடிக்கும். 180 பேருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். ஹேஷ்டேக்கை ஒழுங்காகப் போடப் பழக்குங்கள், போதும். #வேலூர் வேறு, #வேலூரில் வேறு, #வேலூருக்கு வேறு. மென்பொருளுக்கு வேற்றுமை உருபு தெரியாது. வாக்கியத்துக்குள் செருகாமல், பதிவின் கடைசியில் உருபில்லாமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆங்கிலத் திரையை வைத்துக்கொண்டு தமிழில் எழுதுகிறவர்களின் பதிவு ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டுவிடும். தமிழ்ப் பதிவுகளை மட்டும் காட்டு என்று வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. அமைப்பில் பதிவு மொழியைத் தமிழ் என்று மாற்ற அரை நிமிடம்.

ட்விட்டர் மாதிரி இன்னொரு தளமான ப்ளூஸ்கைக்கு எல்லோரையும் கூட்டிப் போகலாமா என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானதுதான். உள்ளே நுழைவது அங்கே சுலபம், பெரும்பாலானவர்கள் ஒரே நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறார்கள். அடிப்படைக் கண்காணிப்பை அவர்கள் செய்வார்கள். அதற்கு மேல், பதிவுகளுக்கு இது இன்ன வகை என்று முத்திரை குத்தும் சேவைகளை வெளியாட்கள் நடத்துகிறார்கள், அவற்றை நாமே தேர்ந்தெடுத்துப் பதிவுகளை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் "ஆண்ட பரம்பரை"க்கு முத்திரை குத்த அங்கேயும் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். மூன்று மாடரேட்டர் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்றால் அங்கே போய்விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி மூடினால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு மூடுங்கள். மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களிடம் கேட்கும் உறுதிமொழியே அதுதான். 2019-ல் நம் மாவட்டத்தை மூன்றாக்கியபோதுகூட ஆபீஸ் மாற நாள் கொடுத்தார்கள். கிடைத்தால் தொடர்ந்து நடத்துங்கள். 200-க்கு மேல் சேர்க்காதீர்கள். சர்வரின் சாவி உங்களைத் தவிர இன்னொருவரிடமும் இருக்கட்டும், காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது?

அத்தையிடம் பரவலாக்கம், சர்வர், நெறிமுறை என்று எதையும் பேசாதீர்கள். அட்மின் கணக்கிலிருந்து அழைப்பு இணைப்பு ஒன்று உருவாக்குங்கள். ஒரு ஆளுக்கு மட்டும், ஒரு நாளைக்கு மட்டும் என்று வைக்கலாம். அழைத்தவரைத் தானாகப் பின்தொடரும்படி ஒரு டிக் இருக்கிறது, அதையும் போடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சர்வர் எது என்ற கேள்வியே வராது, உள்ளே போனதும் உங்கள் பதிவுகள் இருக்கும். பயனர்பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடித்துக் கொடுத்துவிடுங்கள், காட்டும் பெயரை அவர் தமிழில் வைத்துக்கொள்ளட்டும்.